துலாக்கோல் காட்டாத கொழுப்பு

"அவனுக்குக் கொழுப்பு அதிகம்" என்று நாம் கூறும்பொழுது உடம்பைக் குறிப்பதில்லை, செருக்கையே குறிக்கிறோம். ஆனால் நம் சித்த மருத்துவர் கொழுப்பைப் பழித்தவரல்லர். சாரம், செந்நீர், ஊன், கொழுப்பு, எலும்பு, மூளை, சுக்கிலம் என உடற்கட்டுகளை ஏழாக வகுத்து, அதற்கு நான்காம் இடத்தை அளித்தனர். இன்றைய அறிவியலும் அதனை உடலின் களஞ்சியம் என்றே கொள்கிறது. விளைந்த நெல்லை உழவன் குதிரில் சேர்த்து வைப்பதுபோல, உண்டது போக மிஞ்சிய ஆற்றலை உடல் கொழுப்பாகச் சேர்த்து வைக்கிறது. வயது ஏற ஏற இந்தக் குதிருக்கு என்ன நேர்கிறது? மனிதன் அதனை எவ்வாறு கண்டறிந்தான்? இவ்விரு வினாக்களையும், அவற்றுக்கு விடை காண்பதில் நம் சென்னைக்கு உள்ள பங்கையும் இங்கே கூற விரும்புகிறேன்.

மெரினாக் கலங்கரை விளக்கத்திற்குத் தெற்கே, சாந்தோமை ஒட்டிய கடலோரத்தில் நொச்சிக்குப்பம் என்னும் மீனவர் குடியிருப்பு உள்ளது. அங்கே வலை சீர்செய்யும் முதியோரைப் பாருங்கள். சிலருக்குக் கை கால்கள் மெலிந்திருக்கும், கன்னம் ஒட்டியிருக்கும், வயிறு மட்டும் சற்றே முன் தள்ளியிருக்கும். இக்காட்சி அவ்வூருக்கு மட்டும் உரியதன்று. மயிலாப்பூர் மாட வீதியிலும் தியாகராய நகரிலும் காணக்கூடியதே. "வயதானால் வயிறு தள்ளும்" என்று ஒரு சொல்லில் முடித்து விடுகிறோம். அச்சொல்லுக்குப் பின்னுள்ள உண்மை விளங்க முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

முதலில் எழுந்தது துலாக்கோல். இத்தாலிய மருத்துவர் சாந்தோரியோ ஒரு பெருந் துலாவில் நாற்காலியைத் தொங்கவிட்டு அதில் அமர்ந்து, உண்ணுமுன்னும் உண்டபின்னும் தம் எடையை ஆண்டுக்கணக்கில் நிறுத்து, 1614-ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெல்ஜிய அறிஞர் கெத்தலே, வளர்ந்தவரின் எடை உயரத்தின் வர்க்கத்தை ஒட்டி அமைகிறது என்று கண்டார். இன்று நாம் வழங்கும் உடல் நிறைக் குறியீடு அதிலிருந்து பிறந்ததே.

ஆயினும் துலாக்கோல் தசையையும் கொழுப்பையும் பிரித்தறியாது. 1942-ஆம் ஆண்டில் அமெரிக்கக் கடற்படை மருத்துவர் பென்கே, மனிதரை நீருக்குள் அமர்த்தி நிறுத்து, உடலின் அடர்த்தியைக் கணக்கிட்டார். எடைப் பட்டியல் 'பருமன்' என ஒதுக்கிய விளையாட்டு வீரர் பலர் உண்மையில் தசை மிக்கவர் என்பது வெளிப்பட்டது. 1947-இல் பிரெஞ்சு மருத்துவர் ழான் வாக், கொழுப்பு எவ்வளவு என்பதைவிட எங்கே என்பதே முதன்மையானது என்றார். இடுப்பிலும் தொடையிலும் சேர்வதைவிட மேலுடலிலும் வயிற்றிலும் சேர்வது நீரிழிவுக்கு வழி என்பது அவர் கருத்து. 1970-களில் கணினி ஊடுகதிர்ப் படக்கருவி வந்தது. 1983-இல் ஜப்பானிய ஒசாகா ஆராய்ச்சியாளர் அதனைக்கொண்டு தோலடிக் கொழுப்பையும், குடலைச் சூழ்ந்த உள்வயிற்றுக் கொழுப்பையும் தனித்தனியே அளந்து காட்டினர்.

அப்பொழுதுதான் முதுமையின் செயல் தெளிவாயிற்று. முகத்திலும் கை கால்களிலும் தோலடிக் கொழுப்பு குறைகிறது. உள்வயிற்றிலும் கல்லீரலிலும் தசையிழைகளின் இடையிலும் அது குடியேறுகிறது. பெண்களுக்கு மாதவிடாய் நின்றபின் இம்மாற்றம் விரைவுறுகிறது. பழுதான குதிர் புதிய நெல்லை ஏற்காதபொழுது, நெல் கூடத்திலும் அடுக்களையிலும் குவிவதைப் போன்றது இது. உள்வயிற்றுக் கொழுப்பிலிருந்து கசியும் கொழுப்பமிலங்கள் கல்லீரலை அடைந்து, இன்சுலினின் செயலைத் தடுக்கின்றன. இருபத்தைந்து வயதில் 60 கிலோ இருந்த ஒருவர், அறுபத்தைந்திலும் அதே 60 கிலோ இருப்பதாகக் கொள்வோம். தசை தேய்ந்த இடத்தைக் கொழுப்பு நிரப்பியிருந்தால், துலாக்கோல் சொல்வது உண்மை; நாம் அதிலிருந்து கொள்ளும் ஆறுதல் பொய்.

களஞ்சியத்தின் கணக்கை அறிய உதவியது, எதிர்பாராத ஒன்று. 1950-களிலும் 1960-களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் வான்வெளியில் வெடித்துச் சோதித்த அணுகுண்டுகள், காற்றில் கதிரியக்கக் கார்பனைப் பெருக்கின. அது பயிரின் வழியே மனித உடலிலும் புகுந்தது. அதன் அளவைக்கொண்டு உயிரணுக்களின் வயதைச் சுவீடன் ஆராய்ச்சியாளர் கணித்தனர். கொழுப்பணுக்களின் தொகை இளமையிலேயே நிலைபெறுகிறது என்றும், ஆண்டுதோறும் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு புதுப்பிக்கப்படுகிறது என்றும் 2008-இல் அறிவித்தனர். வயது ஏற ஏற, சேர்ந்த கொழுப்பு வெளியேறும் வேகம் குறைகிறது என்று 2019-இல் கண்டனர். உண்ணும் அளவு மாறாதிருந்தும் உடல் பருப்பதற்கு இது ஒரு காரணமாம்.

இனிச் சென்னைக்கு வருவோம். 1948-ஆம் ஆண்டில் ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் எம். விசுவநாதன் நீரிழிவுக்கெனத் தனிப்பிரிவு தொடங்கினார். அவர் புதல்வர் டாக்டர் வி. மோகனும் அவர்தம் குழுவினரும் 2001-இல் தொடங்கிய ஆய்வில், இந்நகரத்தார் 26,001 பேரை ஆராய்ந்தனர். 2004-இல் இக்குழுவினர் நீரிழிவுடையோர் 82 பேரையும், அஃதில்லாதோர் 82 பேரையும் ஒப்பிட்டு, நீரிழிவுடையோரிடம் உள்வயிற்றுக் கொழுப்பு மிகுந்திருப்பதைக் காட்டினர். மெலிந்து தோன்றும் இந்தியர், அதே எடையுள்ள ஐரோப்பியரைவிட மிகுந்த கொழுப்பை உடையவராயிருத்தல் கூடும். ஆதலின் நமக்கு இடுப்புச் சுற்றளவின் எல்லை, ஆண்களுக்கு 90 செண்டிமீட்டர், பெண்களுக்கு 80 செண்டிமீட்டர் எனக் குறைத்து வகுக்கப்பட்டது.

வாழ்க்கை முறையும் இதனோடு மாறி வந்துள்ளது. முன்பு நொச்சிக்குப்பத்தார் கட்டுமரத்தில் துடுப்பு வலித்துக் கடலேறினர். மகளிர் மீன்கூடையைத் தலையில் சுமந்து தெருத்தெருவாக நடந்தனர். 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப்பின் இக்கடற்கரையெங்கும் இயந்திரம் பூட்டிய ஃபைபர் படகுகள் பெருகின. 2024-இல் அங்கே நவீன மீன் அங்காடியும் திறக்கப்பட்டது. உழைப்பின் கடுமை தணிந்தது நன்மையே. அதனை எவரும் குறை கூறார். ஆனால் துடுப்பு வலித்த தோளுக்கு வேறு வேலை தராவிட்டால், தசை விரைந்து தேயும்.

மாணவர்களே, இவ்வரலாறு உங்கள் வீட்டிற்கும் உரியது. தாத்தாவின் எடை கூடவில்லை என்று அமைதி கொள்ளாதீர்கள்; தையற்காரரின் அளவு நாடாவைக் கொண்டு, அவர் மூச்சை வெளிவிட்டபின், கடை விலாவிற்கும் இடுப்பெலும்பிற்கும் நடுவே அளந்து பாருங்கள். அளவு மிகுந்திருந்தால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மற்றொன்றையும் மறவாதீர்கள்: முதியவரைப் பட்டினியால் மெலியவைப்பது மருந்தாகாது. கொழுப்புடன் தசையும் கரைந்து, அவர் தடுமாறி விழ நேரும். பருப்பும் மீனும் முட்டையும் போன்ற உணவும், நாள்தோறும் நடையும், இயன்ற அளவு பளு தூக்கும் பயிற்சியுமே தசையைக் காக்கும். முதுமையை நாம் தடுக்க இயலாது. அது கொழுப்பை எங்கே குடியேற்றுகிறது என்பதைக் காலத்தே அறிந்துகொள்ள இயலும்.