தையல் தொழிலாளருக்காக எழுந்த ஊர்: நியூஜெர்சி ரூஸ்வெல்ட்டின் வரலாறு

நியூயார்க்குக்கும் பிலடெல்பியாவுக்கும் இடைப்பட்ட வேளாண் நிலங்களுக்கு நடுவே, நியூஜெர்சி மாநிலத்தின் மான்மத் மாவட்டத்தில் இருக்கிறது ரூஸ்வெல்ட். 2020 கணக்கெடுப்பின்படி இங்கே வசிப்பவர்கள் 808 பேர். பரப்பு ஏறத்தாழ இரண்டு சதுர மைல். இருந்தும் இது தனக்கென மேயரும் ஆறு உறுப்பினர் மன்றமும் கொண்ட ‘பரோ’, அதாவது தன்னாட்சி பெற்ற பேரூர். இவ்வளவு சிறிய ஊருக்குத் தனி ஆட்சி ஏன் என்ற கேள்விக்கு விடை 1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் இருக்கிறது.

1933இல் இயற்றப்பட்ட தேசியத் தொழில் மீட்புச் சட்டம், வேலையற்ற தொழிலாளரை நிலத்தோடு பிணைக்கும் குடியிருப்புகளுக்கென 2.5 கோடி டாலர் ஒதுக்கியது. அந்த நிதியை நாடியவர்களில் ஒருவர் பெஞ்சமின் பிரவுன். உக்ரைனில் பிறந்த யூதரான அவர், 1911இல் யூட்டா மாநிலத்தில் கிளாரியன் என்ற யூத வேளாண் குடியேற்றத்தை நிறுவியவர். அது சில ஆண்டுகளிலேயே குலைந்தது. அடுத்த திட்டத்தில் அவர் நிலத்தை மட்டும் நம்பவில்லை. நியூயார்க்கின் தையல் தொழிலுக்கு ஆண்டு முழுவதும் வேலை கிடையாது. வேலை மிகுந்த மாதங்களில் கூட்டுறவு ஆலையில் தைப்பது, ஓய்ந்த மாதங்களில் கூட்டுறவுப் பண்ணையில் உழைப்பது, தேவையானதைக் கூட்டுறவுக் கடையில் வாங்குவது என்று அவர் கணக்கிட்டார். 200 குடும்பங்கள் தலைக்கு 500 டாலர் கட்டிச் சேர வேண்டும் என்பது ஏற்பாடு. இடி‌ஷ் மொழி பேசிய, கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த யூதத் தையல் தொழிலாளருக்கு 500 டாலர் சிறு தொகை அல்ல.

எதிர்ப்பு தொழிற்சங்கத்திடமிருந்தே வந்தது. பெண்கள் ஆடைத் தொழிலாளர் சங்கத் தலைவர் டேவிட் டுபின்ஸ்கி, ஆலைகள் நகரை விட்டு வெளியேறினால் சங்கத்தின் பிடி தளரும் என்று அஞ்சினார். பிரின்ஸ்டனில் குடியேறியிருந்த ஐன்ஸ்டைன் திட்டத்தை ஆதரித்தார்.

அரசு நிதி கிடைத்துப் பணி தொடங்கியபோது, வீடுகள் விஷயத்தில்தான் திட்டம் தடுமாறியது. கான்கிரீட் பலகைகளை வார்த்து வீடு கட்டும் முயற்சி தோற்க, கட்டடக் கலைஞர் ஆல்ஃபிரட் காஸ்ட்னர் வேறு வகையில் தட்டைக் கூரை வீடுகளை எழுப்பினார். அவருக்கு உதவியாளர், பின்னாளில் அகமதாபாத் மேலாண்மைக் கழகத்தையும் டாக்கா நாடாளுமன்றத்தையும் வடிவமைத்த லூயி கான். 1936 கோடையில் ஆலை திறந்தபோது பெரும்பாலான வீடுகள் முடியவில்லை. வேலை செய்ய வேண்டியவர்கள் ஊருக்கு வந்து சேரும் முன்பே ஆலைக்கு நட்டம் தொடங்கிவிட்டது. ஓய்ந்த மாதங்களில் தையல்காரர் வயலில் இறங்குவார் என்ற கணக்கும் பொய்த்தது. 1930களின் முடிவுக்குள் ஆலைக் கூட்டுறவு சரிந்தது. பண்ணையும் அதே வழியில் போனது.

இந்தத் தோல்வியை லட்சியவாதிகளின் பேதைமை என்று முடித்துவிடுவது எளிது. எனக்கு அதில் உடன்பாடில்லை. கட்டுமானத் தாமதமும், திட்டப் பொறுப்பு ஒரு மத்திய அரசு அமைப்பிலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறியதும் தொழிலாளரின் குற்றமல்ல. மேலும், ஆலை திறந்த மறு ஆண்டே, 1937 மே மாதத்தில், ஜெர்சி ஹோம்ஸ்டெட்ஸ் என்ற அன்றைய பெயரிலேயே ஊர் தனிப் பேரூராகப் பதிவாயிற்று. உற்பத்தியில் தோற்ற கூட்டுவாழ்வுக்கு இந்த உள்ளாட்சி வடிவம் இடம் கொடுத்தது. அரசு பின்னர் வீடுகளைத் தனியாருக்கு விற்றபோதும், ஊர் அக்கம்பக்கத்து நிர்வாகங்களோடு கரைந்துவிடவில்லை.

கலையும் ஊரைத் தாங்கியது. இன்று பள்ளியாக இருக்கும் சமுதாயக் கட்டடத்தில் 1937–38இல் பென் ஷான் தீட்டிய சுவரோவியம், அமெரிக்கத் தொழிலாளர் வரலாற்றின் முதல்தரச் சான்றுகளில் ஒன்று என்பேன். ஐன்ஸ்டைன் முன்னே வர, எல்லிஸ் தீவில் இறங்கும் குடியேறிகள். மரண தண்டனைக்கு உள்ளான இத்தாலியக் குடியேறிகள் சாக்கோ, வன்செட்டி இருவரின் சவப்பெட்டிகள். மூச்சுமுட்டும் தையல் கூடங்கள். சங்கம் திரட்டும் பேச்சாளர். கடைசியில் மேசை மேல் விரித்த இந்த ஊரின் வரைபடம். லித்துவேனியாவில் பிறந்து சிறுவயதில் அமெரிக்கா வந்த ஷானுக்கு இது சொந்தக் கதையும்கூட. அவர் இங்கேயே குடியேறி, 1969இல் இறக்கும்வரை வாழ்ந்தார். அவரைத் தொடர்ந்து வேறு ஓவியர்களும் எழுத்தாளர்களும் வந்தனர். அவர்களில் ஒருவரான எட்வின் ராஸ்காம் இந்த ஊரைப் பற்றியே 1972இல் ஒரு நூல் எழுதினார்.

குடியரசுத் தலைவர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் மறைந்த 1945இல் ஊர் அவர் பெயரை ஏற்றது. ஷானின் மகன் ஜோனதன் வடித்த அவரது தலைச் சிலை 1962இல் நிறுவப்பட்டது. 1983இல் ஊர் தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் சேர்ந்தது.