தசமபாகமும் கைப்பிடி அரிசியும்: மிசோரம் திருச்சபையின் கொடை மரபு

விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைக் கடவுளுக்கு ஒதுக்கும் தசமபாகம் பழைய ஏற்பாட்டில் வேரூன்றிய வழக்கமாகும். இடைக்கால ஐரோப்பாவில் இது சட்டத்தின் வலிமை பெற்று வரியாக மாறியது. இங்கிலாந்தில் 1836ஆம் ஆண்டுச் சட்டம் தானியப் பங்கைப் பணமாக மாற்றியது; எனினும் உழவர்தம் எதிர்ப்பு ஓயாமையால் 1936இல் அக்கடமையும் நீக்கப்பட்டது.

மிசோரம் பிரெசுபிட்டேரியன் திருச்சபையில் தசமபாகத்தோடு வேறொரு கொடையும் வழங்கி வருகின்றது. காடெரித்துப் பயிரிட்ட அம்மலை மக்களிடம் அக்காலத்தில் பணப்புழக்கம் அரிது. 1910இல் அங்குத் தோன்றிய ‘புஃபாய் தாம்’ என்னும் கைப்பிடி அரிசி வழக்கத்திற்குக் காசி மலைத் திருச்சபைகள் முன்னோடியாகும். பெண்கள் ஒவ்வொரு வேளையும் உலையேற்றுமுன் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைப்பர். அது வீடுதோறும் திரட்டி விற்கப்பட்டு, அத்தொகை திருச்சபைப் பணிக்குச் சேரும்.

தசமபாகம் கொடுக்க உடைமை வேண்டும். மிசோ வழக்காற்றிலோ குடும்பச் சொத்து ஆண்வழியே, சிறப்பாக இளைய மகனுக்கே, சென்றது. நிலமும் பணமும் இல்லாத பெண், அடுக்களையைத் தன் ஆளுகையில் கொண்டிருந்தமையால் கொடையாளியானாள். இதுவே இம்மரபின் தனிச்சிறப்பு எனலாம்.

ஆயினும் தசமபாகம் வருவாய்க்கேற்பக் கூடும், குறையும். கைப்பிடியோ செல்வர் வீட்டிலும் வறியவர் வீட்டிலும் ஏறத்தாழ ஒன்றே. வறியவள் செல்வரோடு ஒப்ப நின்றாள். ஆனால் அவள் பானையிலிருந்தே மிகுதியாகக் குறைந்தது. கணக்கேட்டின் மொத்தத் தொகை காட்டாத இவ்வேறுபாட்டையும் திருச்சபை வரலாறு கருத்திற்கொள்ளுதல் வேண்டும்.