தெனாரியஸ்

தெனாரியஸ் என்பது பண்டைய உரோமின் முதன்மையான வெள்ளி நாணயம் ஆகும். இது கி.மு. 211 அளவில், இரண்டாம் பியூனிக் போர்க் காலத்தில் அறிமுகப்படுத்தப்பட்டது. குடியரசின் பிற்காலத்தில் இதன் எடை ஏறத்தாழ 3.9 கிராம். கி.பி. 3ஆம் நூற்றாண்டில் இது வழக்கொழிந்தது. இந்நாணயத்தில் முதலில் தெய்வங்களும், பின்னர் தெய்வத் தொடர்பு கோரிய ஆட்சியாளர்களும் இடம்பெற்றனர்.

குடியரசுக் காலம்

தொடக்ககால நாணயங்களின் முன்புறத்தில் தலைக்கவசம் அணிந்த ரோமா தேவியின் தலையும், பின்புறத்தில் குதிரைமேல் விரையும் இரட்டையரான காஸ்ட்டர், பொலக்ஸ் ஆகியோரின் உருவங்களும் காணப்படுகின்றன. இவ்விருவரும் ரெஜில்லஸ் ஏரிப் போரில் உரோமருக்குத் துணைநின்றனர் என்பது தொன்மக்கதை. பின்னர் வெற்றித் தேவதையான விக்டோரியா, நான்கு குதிரைகள் பூட்டிய தேரில் செல்லும் ஜூப்பிட்டர் முதலிய உருவங்களும் பொறிக்கப்பட்டன.

உரோமின் நாணயச்சாலை, கப்பிட்டோலின் குன்றில் ஜூனோ மொனேட்டா கோயிலை அடுத்து இருந்தது. பணத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லான 'மணி' என்பது 'மொனேட்டா' என்னும் இப்பெயரிலிருந்தே தோன்றியது.

ஆட்சியாளர் உருவங்கள்

ஜூலியஸ் சீசரின் குடும்பத்தினர், வீனஸ் தேவியின் மகன் ஈனியசின் வழிவந்தோர் எனத் தம்மைக் கூறிக்கொண்டனர். இதனால் சீசரின் நாணயங்களில் வீனசின் உருவம் இடம்பெற்றது. கி.மு. 44இல் சீசரின் உருவமே முன்புறத்தில் பொறிக்கப்பட்டது. வீனஸ் பின்புறத்துக்கு மாறினார். உயிருடன் உள்ள ஒருவரின் உருவத்தை உரோம நகர நாணயச்சாலை பொறித்தது இதுவே முதன்முறை. சீசர் கி.மு. 42இல் தெய்வமாக அறிவிக்கப்பட்டார். அவரின் வளர்ப்பு மகனான அகஸ்ட்டஸ், 'தெய்வத்தின் மகன்' என்னும் பட்டத்தை நாணயங்களில் பொறித்தார்.

டைபீரியசின் (கி.பி. 14-37) தெனாரியஸ், அவரைத் தெய்வமான அகஸ்ட்டசின் மகன் என ஒருபுறமும், தலைமைக் குரு என மறுபுறமும் குறிப்பிடுகிறது. உரோமப் பேரரசருக்கு வரி செலுத்துவது முறையா என்ற கேள்வி எழுந்தபோது, இயேசு காட்டச் சொன்ன நாணயம் தெனாரியஸ் என்று விவிலியத்தின் நற்செய்திகள் கூறுகின்றன. அது டைபீரியசின் நாணயமே என்பது மரபான கருத்து. ஒரே இறைவனை வணங்கி, உருவ வழிபாட்டை விலக்கிய யூதர்களுக்கு இத்தகைய நாணயத்தில் வரி செலுத்துவது சமயச் சிக்கலாகவும் இருந்தது.

தமிழகத்தில்

கோயம்புத்தூர், கரூர் பகுதிகளில் தெனாரியஸ் நாணயங்கள் கிடைத்துள்ளன. அவற்றுள் அகஸ்ட்டஸ், டைபீரியஸ் காலத்தவை மிகுதி. அகஸ்ட்டசின் நாணய வகை ஒன்றில், அவரின் பேரர்களான கையஸ், லூசியஸ் ஆகியோரின் கேடயங்களுக்கு மேல், உரோமக் குருமார் சடங்குகளில் பயன்படுத்திய அகப்பையும் வளைந்த கோலும் காணப்படுகின்றன.