பிளக்-இன்னின் ஆயுள் யார் கையில்?

இசைத் தயாரிப்பு மென்பொருளுக்குப் பிளக்-இன் (அதனுள் சேர்ந்து இயங்கும் கூடுதல் ஒலி விளைவு அல்லது வாத்திய நிரல்) வாங்கப் போகிறவர் வி.எஸ்.டி. ஃபார்மட் நல்லதா, ஆடியோ யூனிட்ஸ் நல்லதா என்று விசாரிப்பது வழக்கம். ஒலித்தரத்தை வைத்துக் கேட்டால் இந்தக் கேள்விக்கே இடமில்லை. ஒரு பிளக்-இன் எந்த ஃபார்மட்டில் வந்தாலும் உள்ளே நடக்கும் கணக்கு ஒன்றுதான். அதை மென்பொருளோடு இணைக்கும் முறைதான் மாறுகிறது. அந்த இணைப்பு எத்தனை நாள் நீடிக்கும் என்பதைக் கடந்த முப்பது ஆண்டுகளில் பொறியியலைவிட உரிமமே அதிகம் தீர்மானித்திருக்கிறது.

1996-ல் ஹாம்பர்க் நகரின் ஸ்டைன்பெர்க் நிறுவனம் தன் இசை மென்பொருளான க்யூபேஸின் புதிய பதிப்போடு வி.எஸ்.டி.யைக் கொண்டுவந்தது. கூட வந்தவை எதிரொலி, கோரஸ், பேனிங் என்று ஒருசில பிளக்-இன்கள்தான். அன்றைய ஒலிப்பதிவுக்கூடங்களில் டிஜிடிசைன் நிறுவனத்தின் டி.டி.எம். பிளக்-இன் முறை ஏற்கெனவே இருந்தது. ஆனால் அது ஒலிக் கணக்குகளைச் செய்யும், விலை அதிகமான தனி டி.எஸ்.பி. அட்டைகளை நம்பி இயங்கியது. வி.எஸ்.டி.க்குக் கணினியின் சொந்த பிராசசரே போதும். அதைவிடப் பெரிய காரியம், பிளக்-இன் எழுதத் தேவையான விவரங்களை வெளியாருக்கும் ஸ்டைன்பெர்க் கொடுத்துவிட்டது. 1999-ல் வந்த வி.எஸ்.டி. 2.0 வாத்தியங்களுக்கும் வழிவிட்டது. நியான் என்ற எளிய சிந்தசைசர் முன்மாதிரியாக வந்தது. அதன்பின் வீட்டு அறையில் தனியாளாக உட்கார்ந்து நிரல் எழுதியவரும் வாத்தியம் செய்து விற்க முடிந்தது. போட்டி நிறுவனங்களின் மென்பொருள்களும் வி.எஸ்.டி.யை ஏற்றன. கதவைத் திறந்து வைத்தவர் வீட்டில்தான் கூட்டம் சேர்ந்தது.

மற்ற ஃபார்மட்டுகளின் பிறப்பில் வேறு கணக்கு தெரிகிறது. லாஜிக் என்ற இசை மென்பொருளைச் செய்த எமேஜிக் நிறுவனத்தை 2002-ல் வாங்கிய ஆப்பிள், அதன் விண்டோஸ் பதிப்பை நிறுத்தியது. மேக்கில் லாஜிக் வி.எஸ்.டி.யைக் கைவிட்டு ஆப்பிளின் ஆடியோ யூனிட்ஸை மட்டும் ஏற்கத் தொடங்கியது. ப்ரோ டூல்ஸ் என்ற ஒலிப்பதிவு மென்பொருள் 2011-ல் ஏ.ஏ.எக்ஸ். ஃபார்மட்டை அறிமுகப்படுத்தி, 2013-ன் 11-ஆம் பதிப்பில் தன் பழைய ஃபார்மட்டுகளான டி.டி.எம்., ஆர்.டி.ஏ.எஸ். இரண்டையும் கழற்றிவிட்டது. 64-பிட்டுக்கு மாறும்போது இது தவிர்க்க முடியாதது என்று வாதிடலாம். அதில் ஓரளவு உண்மையும் உண்டு. ஆனால் வி.எஸ்.டி. 2, தன் 2.4 பதிப்பில் 2006-லேயே பெயரை மாற்றாமல் 64-பிட்டுக்கு நகர்ந்துவிட்டது. ஆக, மாறியே தீரவேண்டிய கட்டாயம் இருந்தது சரி. தனக்கென ஒரு ஃபார்மட் வேண்டும் என்ற கட்டாயம் எங்கிருந்து வந்தது?

பொறியியலைவிட உரிமமே தீர்மானிக்கிறது என்ற வாதத்துக்கு வலுவான சான்று 2008-ல் வந்த வி.எஸ்.டி. 3. ஒலி வராதபோது பிளக்-இன்னைச் சும்மா விட்டுப் பிராசசரின் சுமையைக் குறைப்பது, சைடு-செயினை ஒழுங்காகக் கையாள்வது என்று பல நல்ல அம்சங்கள் அதில் இருந்தன. இருந்தும் ஆண்டுக்கணக்கில் பலர் வி.எஸ்.டி. 2-ஐ விட்டு அசையவில்லை. மிடி கன்ட்ரோலர் செய்திகளைப் புதிய ஃபார்மட் நேரடியாகத் தராமல் பாராமீட்டர்களாக மாற்றித் தந்தது வாத்தியம் செய்கிறவர்களுக்குத் தலைவலியாக இருந்ததும் ஒரு காரணம். 2018 அக்டோபரோடு வி.எஸ்.டி. 2-க்குப் புதிய உரிமம் தருவதை ஸ்டைன்பெர்க் நிறுத்தியது. ஏற்கெனவே ஒப்பந்தம் வைத்திருந்தவர்கள் தொடரலாம். புதிதாக வருகிறவருக்கு வழியில்லை. பத்தாண்டுகளாகத் தொழில்நுட்பச் சிறப்பு சாதிக்காததை ஒரு காகிதம் சாதித்தது. இரண்டு ஃபார்மட்டுகளைப் பராமரிக்கும் செலவை ஒரு நிறுவனம் காலமெல்லாம் சுமக்க முடியாது என்பது நியாயமே. ஆனால் பராமரிப்பை நிறுத்துவது வேறு, அடுத்தவர் எழுதுவதையே தடுப்பது வேறு.

உரிமம்தான் எல்லாம் என்றால், 2000-லேயே லினக்ஸில் சுதந்திர உரிமத்தோடு வந்த லாட்ஸ்பா என்ற பிளக்-இன் ஃபார்மட் ஏன் உலகை ஆளவில்லை என்று கேட்கலாம். நல்ல கேள்விதான். அதற்குப் பின்வந்த எல்.வி.2-வும் பெரும்பாலும் லினக்ஸ் வட்டத்துக்குள்ளேயே நின்றது. திறந்த உரிமம் மட்டும் போதாது. லட்சக்கணக்கானோர் பயன்படுத்தும் ஒரு மென்பொருள் அதைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். 1996-ல் க்யூபேஸ் அந்த வேலையைச் செய்தது. 2022-ல் பெர்லினைச் சேர்ந்த பிட்விக், யு-ஹீ நிறுவனங்கள் எம்.ஐ.டி. என்ற திறந்த உரிமத்தில் கிளாப் என்ற புதிய ஃபார்மட்டை வெளியிட்டபோது, அவர்கள் கையில் சொந்த மென்பொருளும் பேர்பெற்ற சிந்தசைசர்களும் இருந்தன. 2025-ல் ஸ்டைன்பெர்க்கும் வி.எஸ்.டி. 3-ஐ அதே எம்.ஐ.டி. உரிமத்துக்கு மாற்றியது. இந்த இரண்டையும் தொடர்பில்லாத நிகழ்ச்சிகளாகப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

இன்று வாங்குகிறவருக்கு உடனடித் தேர்வு சுலபம்: லாஜிக் என்றால் ஆடியோ யூனிட்ஸ், ப்ரோ டூல்ஸ் என்றால் ஏ.ஏ.எக்ஸ்., மற்ற பெரும்பாலானவற்றுக்கு வி.எஸ்.டி. 3. சிக்கல் பழைய பாட்டுகளில் இருக்கிறது. வி.எஸ்.டி. 2-ஐ வைத்துச் சேமித்த ப்ராஜெக்ட், அதே பிளக்-இன்னின் வி.எஸ்.டி. 3 பதிப்பைத் தானாக எடுத்துக்கொள்ள, அதைச் செய்தவர் முன்கூட்டியே ஏற்பாடு செய்திருக்க வேண்டும், எல்லோரும் செய்யவில்லை. அதனால் பாட்டு முடிந்ததும் ஒவ்வொரு டிராக்கையும் வேவ் கோப்பாகவும் எடுத்து வைப்பது நல்லது. மைக்ரோசாஃப்டும் ஐ.பி.எம்மும் 1991-ல் கொண்டுவந்த அந்த ஃபார்மட், வி.எஸ்.டி.க்கு ஐந்து ஆண்டு மூத்தது. இன்றும் எந்த இசை மென்பொருளிலும் திறக்கிறது.