உயர்ந்த சில்லும் தாழ்ந்த வழியும்

மட்டக்களப்பு நாட்டை மீன் பாடும் தேனாடு என்று புகழ்வது நம்மவர் வழக்கம். அப்புகழுக்கு இடமாகிய வாவி ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளம் உடையது. கடற்கரைக்கு இணையாக நீண்டு கிடக்கும் இவ்வாவி நாட்டை இரு கூறாக வகுத்துவிட்டது. கதிரவன் எழும் திசையில் உள்ளது எழுவான்கரை. அவன் படும் திசையில் உள்ளது படுவான்கரை. சந்தையும் பெரிய பாடசாலைகளும் மருத்துவமனைகளும் பெரும்பாலும் நகரத்திலும் எழுவான்கரையிலும் அமைந்தன. வயலும் குளமும் மேய்ச்சல் நிலமும் காடும் படுவான்கரைக்கு உரியன ஆயின. நெல் விளையும் இடம் ஒன்று, அதற்கு விலை கிடைக்கும் இடம் வேறு. நோய் காணும் இடம் ஒன்று, அதற்கு மருந்து கிடைக்கும் இடம் வேறு. ஆகவே, இந்நாட்டு மக்களின் வாழ்வு அன்றும் இன்றும் போக்குவரத்தைப் பற்றியே நிற்கின்றது எனலாம்.

இப்போக்குவரத்தின் வரலாற்றில் ஒரு கேள்வி மீண்டும் மீண்டும் எழுகின்றது. வழி தாழ்ந்து நீரிலும் சேற்றிலும் அமிழுமாயின், வண்டியை உயர்த்துவதா, வழியை உயர்த்துவதா என்பதே அக்கேள்வி. இன்று ஜீப்பு வண்டிகளுக்கு வில்லை உயர்த்திப் பெரிய டயர் பூட்டுவோர் பலர். அதனைப் புதிய மோகம் என்று சிலர் எண்ணுகின்றனர். அஃது மிகப் பழைய முயற்சி ஒன்றின் தொடர்ச்சியே என்பதை இங்கு ஆராய்வோம்.

வாவியின் கரையோரத்தில் ஒரு சில்லு மூவகை நிலத்தைச் சந்திக்க வேண்டியிருக்கின்றது. கடலோரம் தளர்ந்த மணல். வாவியோரம் ஆழ்ந்த சேறு. வயல்வெளியில் மழை பட்டதும் பிசுபிசுக்கும் களிமண். வடகீழ்ப் பருவக்காற்று கார்த்திகை, மார்கழி மாதங்களில் மழையைக் கொண்டுவந்து கொட்டும்போது இம்மூன்றும் நீருக்குள் மறைந்துவிடும். இந்நிலத்துக்கு முதலில் விடை கண்டவன் தச்சன். மாட்டு வண்டிலின் சில்லை அவன் மிக உயரமாகச் செய்தான். குடமும் ஆரக்காலும் வட்டையும் கொண்டு, இரும்புப் பட்டை இறுக்கிய அச்சில்லு ஓர் ஆளின் மார்பளவு நின்றது. இவ்வாறு செய்தமைக்குக் காரணம் உண்டு. சில்லு பெரிதாயின் குழியில் விழாது அதன்மேல் உருண்டு செல்லும். வழியிற் கிடக்கும் வேரையும் கல்லையும் எளிதில் ஏறிக் கடக்கும். அச்சு உயர்ந்திருப்பதால் அஃது சேற்றில் உரசாது. நெல் மூட்டையும் நனையாது. சில்லின் உயரம் என்பது அச்சின் உயரம் என்னும் உண்மையைத் தச்சன் கணக்கேடு இன்றியே அறிந்திருந்தான். இவ்வுண்மையை நேயர்கள் நினைவில் வைத்தல் வேண்டும்.

1888ஆம் ஆண்டில் அயர்லாந்தின் பெல்பாஸ்ற் நகரில் டன்லப் என்பவர் காற்றடைத்த டயரை ஆக்கி அளித்தார். அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1876இல், இறப்பர்க் கன்றுகள் நம் நாட்டின் ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்டிருந்தன. காற்றடைத்த டயர் சில்லின் இலக்கணத்தையே மாற்றிவிட்டது. மரச்சில்லு தன் உயரத்தால் நிலத்தை வென்றது. இறப்பர்ச் சில்லோ தன் மென்மையால் வென்றது. டயரில் உள்ள காற்றின் அழுத்தத்தைக் குறைத்தால் அது பரந்து படியும். நிலத்தின் மேல் விழும் அழுத்தமும் குறையும். மணலில் அமிழாது செல்லும். 1920களின் இறுதியிலும் 1930களிலும் லிபியப் பாலைவனத்தை மோட்டார் வண்டியிற் கடந்த பாக்னோல்ட் என்னும் ஆங்கிலேயப் படைவீரர் இந்த உபாயத்தைக் கையாண்டு வெற்றி கண்டார். கல்லடியின் மணலுக்கும் லிபியாவின் மணலுக்கும் இவ்வகையில் வேறுபாடு இல்லை.

அடுத்து வந்தது போர்க்காலம். 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள், மட்டக்களப்புக்கு அப்பாற்பட்ட கடலில் ஹேர்மீஸ் என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலை யப்பானிய விமானங்கள் மூழ்கடித்தன. அப்போரின் குழந்தைதான் ஜீப்பு வண்டி. நான்கு சில்லுகளையும் இயந்திரமே உந்தும் அமைப்புடைய இவ்வண்டிகள் ஆறு இலட்சத்துக்கு மேல் ஆக்கப்பட்டன. போர் ஓய்ந்தபின், 1948ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள் ஆம்ஸ்ரடாம் நகரக் கண்காட்சியில் லாண்ட் றோவர் வெளிப்பட்டது. உருக்குத் தட்டுப்பாடு நிலவிய காலமாதலின் அதன் உடல் அலுமினியக் கலப்பு உலோகத்தால் ஆக்கப்பட்டது. உப்புக்காற்று வீசும் கரையோர நாடுகளுக்கு அஃது எதிர்பாராத நன்மையாயிற்று.

1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டது. இங்கினியாகலையில் அணை எழுந்தது. சேனநாயக்க சமுத்திரம் உருவாயிற்று. அந்நாளில் அப்பகுதி மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்தது. 1961இல்தான் அம்பாறை தனி மாவட்டமாயிற்று. காடு வெட்டி வயல் ஆக்கிய அக்காலத்தில் இயந்திரச் சில்லுகள் கிழக்கிலங்கையின் உள்நிலத்தில் ஆழ ஊன்றின. 1950களில் இலங்கைப் பொறியியலாளர் ரே விஜேவர்த்தன லாண்ட்மாஸ்ரர் என்னும் இருசில்லு உழவு இயந்திரத்தை ஆக்கினார். நாலுசில்லு உழவு இயந்திரமும் வந்தது. அதன் பின்சில்லுகளைப் பார்த்த வண்டில்காரன், தன் பாட்டன் காலத்துச் சில்லு இறப்பர் அணிந்து மீண்டு வந்ததாகவே எண்ணியிருப்பான். வெள்ளக் காலங்களில் இழுவைப் பெட்டி பூட்டிய உழவு இயந்திரம் கிராமத்தாரை ஏற்றி வரும் காட்சி இந்நாட்டார்க்குப் பழகிய ஒன்று.

இனி, ஜீப்பை உயர்த்தும் வித்தையைச் சற்று நுணுகிப் பார்ப்போம். பழைய ஜீப்பின் உடல் தட்டுத்தட்டாக அடுக்கிய உருக்கு விற்களின் மேல் நிற்கின்றது. அவ்விற்களுக்கு மேலும் தட்டுகளைச் சேர்த்தோ, வளைவு மிகுந்த புதிய விற்களைப் பூட்டியோ, இடையே கட்டைகளை வைத்தோ உடலை உயர்த்துவர். அவ்வாறு உயர்த்தினால் பெரிய டயர் புகுவதற்கு இடம் உண்டாகும். மேட்டில் ஏறும்போதும் இறங்கும்போதும் வண்டியின் முகமும் முதுகும் மண்ணில் இடியா. ஆயினும், இங்கு பலரும் கருதாத ஓர் உண்மை உண்டு. வில்லை உயர்த்துவதால் அச்சு உயர்வதில்லை. அச்சின் நடுவில் குடம்போற் புடைத்திருக்கும் பற்சில்லுப் பெட்டியே சேற்றில் முதலில் உரசுவது. அது முன்பு நின்ற உயரத்திலேயே நிற்கும். அதனை உயர்த்துவது டயர் ஒன்றே. அதுவும் டயரின் உயரத்தில் ஏறியதிற் பாதியளவே. 28 அங்குல உயரமுள்ள டயரை நீக்கி 32 அங்குல டயரைப் பூட்டினால் அச்சு 2 அங்குலம் உயரும். தச்சன் அறிந்த உண்மையும் இதுவே அன்றோ?

அந்த 2 அங்குலத்துக்குக் கொடுக்கும் விலை யாது? முதலாவது, இழுவிசை. சில்லு பெரிதாகியதால் இயந்திரத்தின் உந்துவிசை எட்டில் ஒரு பங்கு குறைந்துவிடும். சேற்றை வெல்வதற்கென்று பூட்டிய சில்லே சேற்றில் இயந்திரத்தைத் திணறச் செய்யலாம். பற்சில்லுகளை அதற்கேற்ப மாற்றினாலன்றி இக்குறை தீராது. இரண்டாவது, வேகங்காட்டி பொய் சொல்லும். அது 40 மைல் என்று காட்டும்போது வண்டி ஏறக்குறைய 46 மைல் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். மூன்றாவது, தடை. பெரிய சில்லை நிறுத்துவதற்குத் தடைக்கட்டைகள் கூடிய விசையுடன் பற்றுதல் வேண்டும். நான்காவது, உந்து தண்டுகளின் மூட்டுகள் அளவுக்கு மீறிச் சரிந்து விரைவில் தேயும்.

இவை யாவற்றினும் கொடியது கவிழும் ஆபத்து. முதல் லாண்ட் றோவரின் இடச்சில்லுக்கும் வலச்சில்லுக்கும் இடையிலான அகலம் 50 அங்குலம். ஓர் எடுத்துக்காட்டுக்காக, அத்தகைய வண்டியின் பாரமையம் நிலத்திலிருந்து 25 அங்குலத்தில் உள்ளதெனக் கொள்வோம். வில்லின் அசைவைக் கணக்கில் எடாவிடின், அது 45 பாகை சரியும்வரை கவிழாது. பாரமையத்தை 5 அங்குலம் உயர்த்தினால் 40 பாகையிலேயே கவிழும். ஓடும்போதும் திரும்பும்போதும் அதற்கும் குறைந்த சரிவே போதும். வயல் நடுவே செல்லும் ஒடுங்கிய அணைக்கட்டு வழிகளில் ஒரு பக்கத்துச் சில்லு சறுக்கினால், அந்த 5 பாகை உயிருக்கும் சாவுக்கும் இடையிலான எல்லையாகிவிடும்.

நீரைக் கடக்கும்போதும் உயரத்தை நம்பி ஏமாறுதல் கூடாது. ஓடும் வெள்ளம் 2 அடி ஆழமாயினும் பெரும்பாலான மோட்டார் வண்டிகளை அடித்துச் செல்ல வல்லது. காற்றடைத்த பெரிய டயர் மிதக்கவும் செய்யும். மிதக்கும் சில்லுக்கு நிலத்திற் பிடிப்பு ஏது? வாவியின் உவர்நீர் அச்சுக் குடத்துள் புகுந்தால் எண்ணெய் பழுதாகும், உருளைகள் துருவேறும். நாள்தோறும் ஓடவேண்டிய வண்டிக்கு இது சிறு குறையன்று.

மேலும், நாள்தோறும் ஓடும் வண்டியில் ஏறுபவர் யார் என்பதையும் எண்ணுதல் வேண்டும். இளைஞர் தாவி ஏறுவர். பேறுகாலம் நெருங்கிய பெண்ணும் முழங்கால் நோவுடைய மூதாட்டியும் எவ்வாறு ஏறுவர்? அவர்களுக்காக ஓடவேண்டிய வண்டி அவர்களால் ஏறமுடியாத உயரத்தில் நிற்குமாயின் அந்த உயரத்தால் யாது பயன்?

இனி, கேள்வியின் மறுபாதிக்கு வருவோம். வழியை உயர்த்தும் முயற்சி பாலங்களில் தொடங்கியது. பாலம் இல்லாத துறைகளில் பாதை என்று நம்மவர் வழங்கும் மிதவையே வண்டியையும் மாட்டையும் மனிதரையும் கரை சேர்த்தது. கல்லடியில் பிரித்தானியர் ஆட்சிக் காலத்தில் இரும்புப் பாலம் எழுந்தது. ஆளுநர் சேர் வில்லியம் மானிங்கின் துணைவியார் பெயரால் அது சீமாட்டி மானிங் பாலம் எனப்பட்டது. ஒடுங்கிய அப்பாலத்துக்கு அருகே 2013இல் யப்பானிய உதவியுடன் புதிய பாலம் திறக்கப்பட்டது. மண்முனைத் துறையில் பாலம் வந்தது 2014இல்தான். அதுவரை கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீச்சரத் திருவிழாவுக்குச் சென்ற அடியாரும், நகரத்துக்கு வந்த நோயாளரும், நெல் கொண்டுவந்த உழவரும் அத்துறையில் பாதைக்காகக் காத்து நின்றனர். நள்ளிரவில் பாம்பு தீண்டியவனை எவ்வளவு உயர்ந்த ஜீப்பில் ஏற்றி வந்தாலும் அந்த ஜீப்பு கரையிலே நிற்கத்தான் வேண்டியிருந்தது. இன்று 8 அங்குல வட்டத்தில் டயர் பூட்டிய முச்சக்கர வண்டி அவ்விடத்தைச் சில நிமிடங்களில் கடக்கின்றது. உயர்ந்த சில்லு செய்ய இயலாததை உயர்ந்த வழி செய்துவிட்டது.

ஆயின், வழியை உயர்த்துவதிலும் ஓர் எச்சரிக்கை வேண்டும். தாழ்நிலத்தின் குறுக்கே மண்ணைக் குவித்து வீதியை மேடாக்கி, நீர் செல்லப் போதிய மதகுகளை அமைக்காவிட்டால், அவ்வீதி ஓர் அணையாக மாறிவிடும். ஒரு பக்கத்தார் உலர்ந்த வீதியிற் செல்ல, மறுபக்கத்தார் வீட்டினுள் வெள்ளம் நிற்கும். 1957ஆம் ஆண்டு மார்கழி வெள்ளமும் 2011ஆம் ஆண்டு தைமாத வெள்ளமும், நீர் தன் வழியை மறப்பதில்லை என்பதைக் காட்டின. கிரான், புலிபாய்ந்தகல் போன்ற இடங்களில் மழைக்காலத்தில் வழி நீரில் மறைய, படகும் உழவு இயந்திரமும் துணைக்கு வருவது இக்காலத்திலும் நாம் காண்பதே.

ஆதலின், நேயர்களே, ஜீப்பை உயர்த்துவது பிழையென்று நாம் சொல்லவில்லை. பாலம் இல்லாத ஊருக்கு மருந்து கொண்டு செல்பவருக்கும், யானைக்காட்டின் ஓரத்தில் வயல் செய்பவருக்கும் ஓரளவு உயர்ந்த சில்லு இன்றியமையாதது. அவர்கள் அளவறிந்து உயர்த்துதல் வேண்டும்; டயருக்கு ஏற்பப் பற்சில்லையும் தடையையும் திருத்துதல் வேண்டும்; உயர்த்திய வண்டியை உயர்த்தாத வண்டிபோல் ஓட்டாதிருத்தல் வேண்டும். ஆயினும், ஒருவன் தன் வண்டியை உயர்த்தினால் அவன் ஒருவனே கடப்பான். மதகுகளுடன் கூடிய ஒரு பாலம் உயர்ந்தால் வண்டில்காரனும் மாணவனும் நோயாளியும் உடன் கடப்பர். வெள்ளமும் கீழே தன் வழியிற் செல்லும். படுவான்கரையில் இன்னும் பாலம் காணாத துறைகள் உள்ளன. அத்துறைகளில் காத்து நிற்போரின் கேள்விக்குச் சில்லினால் மட்டும் விடை கூறிவிட முடியாது.