மாலைக்கண் என்னும் சொல்லும் அதற்குள் அடங்காத குழந்தைகளும்

அந்தி நேரத்தில் வாசற்படியில் இடறும் குழந்தையைக் கண்டால், தாராவியில் வளர்ந்த என் அம்மா "மாலைக்கண்ணா பாருங்கள்" என்பார். சான்பாடாவில் பக்கத்து வீட்டு மராத்தி அம்மையார் அதையே 'ராதாந்தளேபணா' என்கிறார். மராத்தி இரவைச் சுட்டுகிறது. தமிழ் அந்தியைச் சுட்டுகிறது. வைட்டமின் ஏ குறையும்போது மங்கிய ஒளியைக் காணும் திறனே முதலில் தளர்கிறது. குழந்தை இன்னும் ஓடியாடிக்கொண்டிருக்கும் பொழுது என்பதால் அந்தியில்தான் அது வெளிப்படுகிறது.

இந்தோனேசியாவில் இதற்குக் 'கோழிக்குருடு' என்று பொருள்படும் பெயர் உண்டு. 1970களின் இறுதியில் அங்கு ஆய்வு செய்த ஆல்ஃபிரட் சாமர், அச்சொல்லைக் கொண்டு தாய்மாரிடம் கேட்பதே நம்பத்தக்க சோதனை எனக் காட்டினார். தாய்மொழிச் சொல் மருத்துவக் கருவியானது.

ஆனால் கருவிக்கு எல்லை உண்டு. கருவிழி இளகிக் கரையும் கெரட்டோமலேசியா, ஆறு மாதம் முதல் மூன்று, நான்கு வயது வரையிலான குழந்தைகளையே பெரிதும் தாக்குகிறது. மாலைக்கண்ணும் வெண்விழியில் தோன்றும் பிட்டாட் புள்ளிகளும் அதற்குச் சற்று மூத்த பிள்ளைகளிடம் மிகுதி. நடக்காத குழந்தை இடறுவதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் மாலைக்கண் அளவுகோலும் 24 மாதத்திலிருந்தே தொடங்குகிறது. கண்ணை இழக்கும் அபாயம் மிகுந்த வயதில் நம் சொல் மௌனமாகிவிடுகிறது.

பாலின வேறுபாடும் எளிதன்று. மாலைக்கண்ணும் பிட்டாட் புள்ளிகளும் சிறுவரிடம் கூடுதல் எனப் பல கள ஆய்வுகள் கூறுகின்றன. கருவிழி பாதிப்பில் அவ்வேறுபாடு அத்தனை தெளிவாக இல்லை. மருத்துவமனைப் பதிவேட்டை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய இயலாது. அது நோயுற்றவர்களின் கணக்கன்று. அழைத்து வரப்பட்டவர்களின் கணக்கு. மகளை அழைத்து வரத் தயங்கிய வீட்டின் இருள் அதில் பதிவாவதில்லை.

தமிழ்நாட்டில் இந்நோய்க்கு நீண்ட வரலாறு உண்டு. 1819-இல் தொடங்கிய சென்னைக் கண் மருத்துவமனையின் ஆர். ஈ. ரைட், தென்னிந்தியக் கெரட்டோமலேசியா குறித்து 1922-இல் எழுதினார். 1937-இல் அவரும் குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வகத்தின் அய்க்ராய்டும் செம்பனை எண்ணெயால் அதற்குச் சிகிச்சையளித்ததைப் பதிவு செய்தனர். 1970-இல் ஒன்று முதல் ஐந்து வயதினருக்கு ஆறு மாதத்திற்கு ஒருமுறை வைட்டமின் ஏ வழங்கும் தேசியத் திட்டம் வந்தது. லட்சுமி ரஹ்மத்துல்லா குழுவினர் திருச்சி மாவட்டத்தில் 15,419 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு 1990-இல் வெளியானது: வாரந்தோறும் சிறு அளவு வைட்டமின் ஏ பெற்றோரிடம் இறப்பு 54 விழுக்காடு குறைந்தது. கண்ணைப் பற்றிய கேள்வி உயிரைப் பற்றியதானது.

இது பழங்கதையன்று. 2022-இல் செம்பூரை அடுத்த கோவண்டியில் தட்டம்மை பரவிக் குழந்தைகள் இறந்தனர். தட்டம்மை உடலின் வைட்டமின் ஏ இருப்பைக் கரைத்து, ஊட்டம் குன்றிய குழந்தையின் கருவிழியைச் சில நாள்களிலேயே அழிக்கக்கூடும். அதனால்தான் அடுத்தடுத்த இரு நாள்களில் வைட்டமின் ஏ தரப்படுகிறது. அங்கே அந்திவரை காத்திருக்க நேரமில்லை.

மாலைக்கண் அரிய சொல்தான். ஆயினும் அது மூத்த பிள்ளைக்கான எச்சரிக்கை. அம்மை கண்ட சிறுகுழந்தை வெளிச்சத்தில் கண் திறக்க மறுத்தால், அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். அந்த நிலைக்கு உங்கள் ஊரில் தனிப்பெயர் ஏதேனும் உண்டா? இருந்தால் எழுதுங்கள், தொகுத்து வருகிறேன்.