சோதனைக் காசுகள் சொல்லும் கதை

கடைக்குப் போனால் "எத்தனை வெள்ளி?" என்றுதான் இன்றும் கேட்கிறோம். கையில் இருப்பது தாள்; வாயில் வருவது வெள்ளி. ஒரு காலத்தில் இந்த வட்டாரத்தில் ஸ்பானிய வெள்ளி நாணயங்கள் புழங்கியதன் எச்சம் அது. அவற்றின் ஓரம் பல் பல்லாக இருந்ததால்தான் மலாய் மொழியில் 'ரிங்கிட்' என்ற பெயரும் வந்தது.

இதே ஸ்பானிய வெள்ளியைத்தான் அமெரிக்காவும் நம்பியிருந்தது. விடுதலைப் போரின் செலவுக்காக அந்நாடு தாள் பணத்தை அச்சடித்துத் தள்ளியது. 1781க்குள் அந்தத் தாளுக்கு ஏறக்குறைய மதிப்பே இல்லாமல் போனது. அதை வாங்கி வைத்திருந்தவர்கள் ஏமாந்தார்கள். 1792 ஏப்ரல் 2ஆம் தேதி நாணயச் சட்டம் வந்தபோது எழுந்த கேள்வி இதுதான்: புதிய காசையாவது மக்கள் நம்புவார்களா?

முதல் சர்ச்சை முகத்தைப் பற்றியது. அதிபரின் உருவத்தைப் பொறிக்கலாம் என்றது செனட் சபை. அது மன்னர்களின் வழக்கம் என்று மறுத்தது மக்களவை. முடிவில் காசில் இடம்பெற்றது, சுதந்திரத்தைக் குறிக்கும் ஒரு பெண்ணின் உருவம்.

அந்த ஜூலையில் பிலடெல்பியாவில் சுமார் 1,500 சிறு வெள்ளிக் காசுகள் அடிக்கப்பட்டன. ஒவ்வொன்றும் ஐந்து சென்ட் மதிப்புடையது. நாணயச்சாலை இன்னும் தயாராகவில்லை. ரம்பம் செய்யும் ஒருவரின் நிலவறையில்தான் வேலை நடந்தது.

அடுத்த சிக்கல் ஒரு சென்ட் காசு. அதிலுள்ள செம்பே ஒரு சென்ட் பெறவேண்டும் என்பது கணக்கு. அப்படிச் செய்தால் காசு 17 கிராம் கனக்கும். பையில் போட்டு நடக்க முடியுமா? எனவே ஹென்றி வோய்ட் ஒரு வழி சொன்னார். சிறிய செம்புக் காசின் நடுவே துளையிட்டு, முக்கால் சென்ட் மதிப்புள்ள வெள்ளியைப் பதிப்பது. அவ்வாறு செய்த சோதனைக் காசுகளை அந்த டிசம்பரில் ஜெபர்சன் அதிபர் வாஷிங்டனுக்கு அனுப்பி வைத்தார். ஆனால் ஒவ்வொரு காசிலும் வெள்ளியைப் பதித்துக்கொண்டிருந்தால் நாட்டுக்கே காசு கொடுப்பது எப்போது? அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. சென்ட்டின் எடை மட்டும் சட்டத்தால் குறைக்கப்பட்டது.

1793இல் பொதுமக்கள் கைக்கு வந்த செம்புக் காசில், 15 மாநிலங்களின் ஒற்றுமையைக் காட்ட 15 வளையச் சங்கிலி இருந்தது. சுதந்திரத்திற்கு இது நல்ல சகுனமல்ல என்று பத்திரிகைகள் கண்டித்தன. அடிமைகளை வைத்திருந்த நாட்டில் சங்கிலிக்கு வேறு விளக்கம் வேண்டுமா? விரைவிலேயே அது இலைமாலையாக மாறியது.

ஆக, கடைசிச் சோதனை நிலவறையில் நடக்கவில்லை. மக்களின் கையில்தான் நடந்தது. ஸ்பானிய வெள்ளியோ 1857வரை அங்கே சட்டப்படி செல்லுபடியானது. சொந்தக் காசை அடிக்கச் சில மாதங்கள் போதும், நேயர்களே. அந்நியக் காசை விட்டுவிடும் அளவுக்கு அதன்மேல் நம்பிக்கை வர, அமெரிக்காவுக்கே 65 ஆண்டுகள் ஆயின.